விக்கல் எடுக்கும் வண்டி

டர்ர்ர்ர்ர் என்று ஒரே மூச்சில் ஏறிக்கொண்டிருந்த வண்டி, சாய்வுப் பலகையில் பாதி தூரம் போனதும் ப்ளக் என்று ஒரு விக்கல் விக்கிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல மறுபடி டர்ர்ர் என்றது. மேலே, மரணக் கிணற்றின் விளிம்பை ஒட்டிய கேலரியில் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சந்தியாகு, அந்த விக்கலைத் தன் தொண்டைக்குள் ஒருதரம் விக்கிப் பார்த்தான். அச்சு அசலாக வந்தது. அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. எந்தச் சத்தமும் அவனுக்கு ஒருதரம் காதில் விழுந்தால் போதும், தொண்டையில் வந்து குடியேறிவிடும். ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி ஏலம் விடுகிறவர், மூக்கால் பேசும் பழனி பஸ் கண்டக்டர், தூக்கத்தில் நடக்கிறவர் மாதிரி 'அன்பார்ந்த இறைமக்களே' என்று ஆரம்பிக்கும் பங்குச் சாமியார், பதினாறு வயதுக்குள் எத்தனை பேர், எல்லாரும் உள்ளே வாடகை கொடுக்காமல் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள், சமயத்தில் கூப்பிடாமலும் வருவார்கள், வந்து அடி வாங்கிக் கொடுத்துவிட்டும் போவார்கள். ஆனால் இந்த விக்கல் அப்படி இல்லை. இது அக்காவைக் கீழே தள்ளக்கூடிய சத்தம். ஆறு மணிக்கு இன்றைய முதல் ஆட்டம். இதே வண்டியில் லூர்து அக்கா இந்தச் சாய்வைத் தாண்டி நேர் சுவரில் ஏற வேண்டும். சாய்விலிருந்து சுவருக்கு மாறுகிற அந்த இடத்தில் கைப்பிடியை ஒட்ட முறுக்கித்தான் ஆகவேண்டும். முறுக்கினால்தான் விக்குகிறது. முறுக்காவிட்டால் ஏறவே முடியாது. "மெதுவா ஓட்டுனா நல்ல பிள்ளையா ஓடுதுடா, ஒரு முறுக்கு முறுக்குனா கோவிச்சுக்குது" என்று நேற்று ஆட்டமெல்லாம் முடிந்து விக்கல் முதல்தடவை வந்தபோது அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளால் சிரிக்க முடிகிறது. பொருட்காட்சி மைதானத்தின் கடைசியில், ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளக் கடைக்கும் அப்பால், பலகைகளை நெட்டுக்குத்தாக நிறுத்திக் கட்டிய ராட்சசப் பீப்பாய் இந்த மரணக் கிணறு. ஜனங்கள் படியேறி விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். அடியில் வெறும் மண். அந்த மண்ணிலிருந்து ஒரு பெண்பிள்ளை வண்டியோடு கிளம்பி, சுவரில் பல்லி மாதிரி படுத்து, சுற்றிச் சுற்றி அவர்கள் மூக்குக்கு அருகே வந்துவிட்டுப் போவாள். அந்தப் பெண்பிள்ளைக்குத் தம்பி என்று சொல்லிக்கொள்வதற்காகவே சந்தியாகு பள்ளிக்கூட விடுமுறை முழுக்க இங்கே மைக் பிடிக்கிறான். கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"சந்தி, எப்படிடா கேட்டுச்சு? சொல்லு" என்று கீழேயிருந்து லூர்து அண்ணாந்து பார்த்துக் கேட்டாள். வண்டியை நிறுத்தியிருந்தாள். முழங்கை வரை கிரீஸ், நெற்றியில் கிரீஸ், மூக்குத்தியில்கூட ஒரு பொட்டு கிரீஸ். அவன் எழுந்து நின்று கழுத்து நரம்பு புடைக்க, "தக்காளி, தக்காளி, பதினஞ்சு கிலோப் பொட்டி, கேளு கேளு கேளு, வண்டியோட சேத்துக் கேளு" என்று ஏலக்காரராகி இறங்கினான். "டேய், ஸ்பேனர் வரும் மேல. மனுசனைப் பேசாத, வண்டியைப் பேசு." வண்டியைப் பேசு என்று உலகத்தில் வேறு எந்த அக்கா தம்பியிடம் சொல்லியிருக்கிறாள்? ஓட்டும்போது அவளுக்கு வண்டி காதில் கேட்காதாம், தொடையிலும் முதுகெலும்பிலும்தான் கேட்குமாம். ஆகவே காது வேலைக்குத் தம்பி. அவன் வண்டியானான். அடிவயிற்றிலிருந்து டர்ர்ர்ர்ர் என்று கிளப்பி, பல்லிடுக்கில் கொஞ்சம் காற்றை விட்டு, சாய்வு ஏறும்போது குரலைக் கனமாக்கி, ப்ளக். லூர்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "இன்னொருக்கா." டர்ர்ர்ர், ப்ளக். "இழுத்துக்கிட்டே போயி அடங்குதா, இல்ல வெட்டுன மாதிரி நிக்குதா?" "வெட்டுன மாதிரிதான்க்கா. கோழி கழுத்தைத் திருகுன மாதிரி." "அப்ப பெட்ரோல் இல்ல. பெட்ரோல் பத்தாட்டி ஆஸ்துமாக்காரன் மாடி ஏறுற மாதிரி இழுத்து இழுத்து அடங்கும். இது வேற." அவ்வளவுதான், குனிந்துவிட்டாள். காலையில் அந்த ஆஸ்துமாவைத் தேடித்தான் கார்புரேட்டரைக் கழற்றி ஊதியிருந்தாள், டேங்க் மூடியின் குட்டித் துவாரத்தில் ஊக்கை விட்டுக் குடைந்திருந்தாள், மூடியே இல்லாமல் ஒரு சுற்றும் ஓட்டிப் பார்த்திருந்தாள். இப்போது அந்தக் கதவை மூடிவிட்டு அடுத்த கதவுக்குப் போகிறாள். பழைய சேலையை விரித்து, எஞ்சினுக்குள் பொறி கிளப்பும் பிளக்கைக் கழற்றி, அதன் முனையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பால் கலந்த காபி நிறம். "நல்லாத்தான் தின்னுருக்கு, நல்லாத்தான் செரிச்சிருக்கு" என்று அதனிடம் சொன்னாள். இருந்தாலும் புதுப் பிளக் மாட்டினாள். அவள் கை அவசரப்படுவதே இல்லை. காய்ச்சல் அடிக்கிற பிள்ளையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பது போல எஞ்சினின் பக்கத்தில் புறங்கையை வைக்கிறாள். கொதிக்கிற எஞ்சினில் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் வைக்கலாம் என்று அந்தக் கைக்குத் தெரியும். இவனைக் கேட்டால் இவன் வண்டியின் குரலில் பேசிக் காட்டுவான், அவ்வளவுதான் முடியும். வண்டி ஏன் அப்படிப் பேசுகிறது என்று கண்டுபிடிக்க அவள்தான் வேண்டும்.

புதுப் பிளக்கோடு வண்டி மறுபடி சுற்றியது. மண்ணில் மூன்று வட்டம், பிறகு சாய்வு, முறுக்கு. ப்ளக். சந்தியாகுவின் வாய் தானாக முணுமுணுத்தது: பாருங்க பாருங்க. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது? வரக்கூடாது என்று நினைத்தால் வந்துவிடும். போன ஊரில், இதே கிணற்றில் வண்டி ஓட்டிய தங்கராசு அண்ணன் சுவரில் ஆள் உயரத்துக்கு ஏறியிருந்தபோது செயின் அறுந்தது. இவன் மைக்கில் 'பாருங்க பாருங்க, பறக்குறாரு பாருங்க' என்று சர்க்கஸ்காரர் குரலில் அளந்துகொண்டிருந்தான். அண்ணன் விழுந்துவிட்டார். வாய் நிற்கவில்லை. கண் பார்த்துவிட்டது, காது கேட்டுவிட்டது, வாய் மட்டும் இன்னும் ரெண்டுதரம், பாருங்க பாருங்க. தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு போயிற்று, தங்கராசு அண்ணன் இப்போது ஊரில் கட்டுப் போட்டு உட்கார்ந்து, போனில் இவனைத் திட்டும் அளவுக்குத் தேறிவிட்டார், "நீ கூப்பிட்டுத்தான்டா விழுந்தேன், பறக்குறாராம்ல" என்று சிரிக்கிறார். செயின் வேறு, விக்கல் வேறு. அது வேறு வண்டி. இதோ அந்த வண்டி கேலரிக்குக் கீழே தார்ப்பாய்க்குள் சங்கிலி இல்லாமல் சாய்ந்து கிடக்கிறது. வேறு வேறு என்று எத்தனைதரம் சொன்னாலும் ரெண்டும் உள்ளே ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. போதாததற்கு அம்மா. அம்மா விஷயத்தை யாரிடம் சொல்வது? போன ஞாயிற்றுக்கிழமை அக்காவின் போன் அடித்தது, அக்கா குளிக்கப் போயிருந்தாள், இவன் எடுத்து அக்காவாகவே, "சொல்லும்மா, சாப்ட்டியா" என்றான். சும்மா வேடிக்கைக்குத்தான். ரெண்டு நிமிடம் ஏமாற்றிவிட்டு, ஏமாந்தியா என்று கத்துவதாகத் திட்டம். ஆனால் அம்மா ஒரேயடியாகக் குரலைத் தாழ்த்தி, "லூர்து, தம்பி பக்கத்துல இல்லையே? அவன்கிட்டச் சொல்லிராத, பயந்துக்குவான். தங்கராசு விழுந்ததுல இருந்து எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது தாயி. நீ பத்திரமா இறங்கிருவேல்ல?" என்று கேட்டாள். திட்டம் அப்படியே செத்துவிட்டது. அந்தப் பக்கம் அம்மாவின் மூச்சு. இந்தப் பக்கம் அக்காவின் குரலை வாயில் வைத்துக்கொண்டு, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இவன். "ஒண்ணும் ஆகாதும்மா. நான் இறங்கிருவேன்." அவன்தான் சொன்னான். அவள் சொன்னதாகத்தான் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். லூர்துவுக்கு இப்படி ஒரு வாக்கு தன் பேரில் கொடுக்கப்பட்டிருப்பதே தெரியாது. இனி அதை யார் காப்பாற்றுவது, குரலுக்குச் சொந்தக்காரியா, வாய்க்குச் சொந்தக்காரனா?

"தம்பீ, மைக்கு ஏன் சும்மா இருக்கு?" காஜா மைதீன் பாய் படிக்கட்டில் பாதி ஏறி நின்று மூச்சு வாங்கினார். கிணறு அவருடையது, ஆம்ப்ளிஃபயர் அவருடையது, ரெண்டும் அவர் வாப்பா காலத்தவை என்று அவரே பெருமையாகச் சொல்வார். கிணற்றைப் பார்த்து, "என்னம்மா லூர்து, முடியாட்டி சொல்லிரு. இன்னைக்கு மூடிருவோம். உன்னை ஏத்திட்டு நான் கண்ணை மூடிக்கிட்டு நிக்க முடியாது" என்றார். "அஞ்சு மணி வரைக்கும் பாப்போம் பாய். சரியாகாம நான் ஏற மாட்டேன்" என்றாள் அவள். சரியாகாமல் ஏற மாட்டேன். சந்தியாகு அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டான். ஆனால் சரியாகிவிட்டது என்று நினைத்து ஏறினால்? இப்போது புதுப் பிளக் மாட்டியதும் சரியாகிவிட்டது என்றுதானே நினைத்தாள்? விக்கல் ஒளிந்துகொண்டு, சோதனையில் நல்ல பிள்ளையாக நடித்து, மேலே போனதும் காட்டினால்? தலைமையாசிரியர் வரும்போது கை கட்டி நின்றுவிட்டு, அவர் முதுகைத் திருப்பியதும் அவர் குரலிலேயே பேசுகிறவனுக்குத் தெரியாதா இந்த வித்தையெல்லாம்? பாய் இறங்கிப் போனதும் மைக்கைப் போட்டான். பாய் குரலிலேயே, "வாங்கம்மா, வாங்கய்யா, மூச்சு வாங்குறதுக்கு முன்னாடி வாங்க" என்று இழுத்தான். கீழே பாய் தலையைச் சொறிந்துகொண்டு தான் எப்போது பேசினோம் என்று பார்த்தார். கிணற்றுக்குள் லூர்து வண்டியை ஒருதரம் உறுமவிட்டாள், குழல் ஒலிபெருக்கி கொர்ர்ர் என்றது. அதுவும் ஒரு பழைய வியாதி. பொருட்காட்சி தொடங்கிய நாளிலிருந்து அது இப்படித்தான், நடுநடுவே பொரிகிற சத்தம், பாய் வந்து ஆம்ப்ளிஃபயர் மண்டையில் ஒரு தட்டு தட்டுவார், "லூஸ் கனெக்சன்" என்பார், போவார். அந்தப் பொரியலையும் சந்தியாகு எடுத்து வைத்திருக்கிறான். அப்பளக் கடைக்காரர் கேட்டால் எண்ணெய்ச் சட்டி என்று நினைப்பார்.

கீழே லூர்து இன்னொருதரம் கிளப்பினாள். வண்டியின் விக்கலைக் கூட்டத்துக்குக் காட்டினால் என்ன என்று ஒரு கிறுக்கு யோசனை அவனுக்கு வந்தது, பயத்தை மைக்கில் போட்டு உடைத்துவிட்டால் உள்ளே இருக்காது அல்லவா. மைக்கை உதட்டருகே வைத்தான். டர்ர்ர்ர் என்று வண்டியோடு வண்டியாக அவனும் ஏறினான். இதோ சாய்வு, இதோ முறுக்கப்போகிறாள், இதோ, என்று ப்ளக் சொல்ல வாயைத் திறந்தான். அவன் சொல்வதற்கு முன்னால் ஒலிபெருக்கி சொல்லிவிட்டது. டப். அவன் வாய் திறந்தபடி நின்றது. யாருடா அது? தன் தொழிலில் கைவைக்கிறவன்? வண்டி கீழே இறங்கி மறுபடி ஏறியது, இவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தான். மெதுவாகப் போகும்போது ஒலிபெருக்கியில் ஈ மொய்க்கிற மாதிரி சின்னதாக ஒரு முனகல். சாய்வில் முறுக்கு. டப், டப். அதே நேரம் வண்டியில் ப்ளக். ஒரே தாளம். லூர்து வண்டியை நிறுத்தினாள், ஒலிபெருக்கியும் வாயை மூடிக்கொண்டது. சந்தியாகுவுக்குக் கை மயிர் சிலிர்த்தது. பயத்தில் அல்ல, ஒரு மிமிக்ரிக்காரன் இன்னொரு மிமிக்ரிக்காரனைக் கண்டுகொண்ட சிலிர்ப்பு. இத்தனை நாளும் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டு இந்தக் குழாய் வண்டியைத்தான் பேசிக்காட்டிக்கொண்டிருந்ததா? பாய் அதன் மண்டையில்தானே தட்டிக்கொண்டிருந்தார்? "அக்கா! ஸ்பீக்கரு விக்குது!" "என்னது?" "நீ முறுக்குறப்பல்லாம் ஸ்பீக்கரும் விக்குதுக்கா! வண்டியை அமத்துனா அதுவும் கம்முனு ஆயிருது. போன ஊர்ல இந்தச் சத்தமே இல்ல, இதே ஆம்ப்ளிஃபயருதான!" வேறு யாராவது என்றால், போடா உன் விளையாட்டும் நீயும் என்றிருப்பார்கள். அவன் சொன்னதை நம்பாமலிருக்க ஊரில் எல்லாருக்கும் காரணம் இருக்கிறது, தீயணைப்பு வண்டிச் சத்தம் போட்டு மூன்று தெருவை வெளியே வரவழைத்தவன். லூர்து நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம்தான். அவன் முகத்தில் எந்தக் குரல் இருக்கிறது என்று தேடினாள், யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டாள். உடனே அவள் கண் வண்டிக்குப் போயிற்று, பிளக்குக்கு அல்ல, பிளக்குக்குப் போகிற ஒயருக்கு. "இறங்கி வா. வர்றப்ப ஒரு சொம்புத் தண்ணி கொண்டா."

கேலரிக்குக் கீழே, அவர்கள் பாய் விரித்துப் படுக்கிற இடம், நாலு பக்கமும் தார்ப்பாய். வண்டியை உள்ளே தள்ளி, தார்ப்பாயை இழுத்து மூடினாள். நாலரை மணி வெயில் வெளியே நின்றுவிட்டது. இருட்டில் தங்கராசு அண்ணன் வண்டி ஒரு பக்கம், இவர்கள் ஒரு பக்கம், பெட்ரோல் வாசனை. "ஒயரு மேல தண்ணியை விரலால தெளி, எங்க ஒழுகுதுன்னு காட்டிக்குடுக்கும். கையை மட்டும் கிட்டக் கொண்டுபோயிராத, தூக்கி அடிச்சிரும்." பின் பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு, கிளச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, வண்டி சுவரில் ஏறப் பாடுபடுவதாக அதையே நம்பவைத்து, முறுக்கினாள். அங்கே. டேங்குக்கு அடியில் ஒயர் வளைகிற இடத்தில் நீலமாக ஒரு நாக்கு வெளியே வந்து இரும்பை நக்கிவிட்டு உள்ளே போனது. மறுபடி. ஒவ்வொரு நாக்குக்கும் வண்டி ஒரு விக்கல். அவ்வளவு அழகாக இருந்தது அது, சந்தியாகு தண்ணீர் தெளிப்பதை மறந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அக்கா எஞ்சினை அமர்த்தினாள். இருட்டில் அவள் குரல் மட்டும், தனக்குத் தானே சொல்கிற மாதிரி: "முறுக்குனா உள்ள அழுத்தம் ஏறுது. பிளக்குல பொறி தாண்டுறது கஷ்டமாயிருது. வெளிய சுலபமா ஒரு வழி கெடைச்சா அங்கிட்டுத் தாண்டிருது. அப்படி வெளிய வெடிக்கிற பொறியைத்தான் ஸ்பீக்கரு ரேடியோ மாதிரிப் புடிச்சிருக்கு. உன்னை மாதிரிதான், கணக்குப் பரீட்சைன்னா காம்பவுண்டுச் சுவரைத் தாண்டிருவேல்ல." தார்ப்பாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பார்த்தவள் சிரிக்க ஆரம்பித்தாள், உட்கார்ந்து, முழங்காலில் தலையை வைத்துக்கொண்டு, தோள் குலுங்க. ஒயரைச் சுற்றிலும் வெள்ளி ஜிகினா நாடா. பொருட்காட்சி தொடங்கிய அன்று அவளே ஆசை ஆசையாக வண்டி முழுக்கச் சுற்றியது, கைப்பிடிக்கு, கண்ணாடிக்கு, மட்கார்டுக்கு, கடைசியில் மிச்சம் இருந்ததைப் பிளக் ஒயருக்கும் சுற்றி இரும்போடு சேர்த்து ஒரு பூ முடிச்சு. ஒயர் தோலில் பழைய வெடிப்பு ஒன்று எப்போதோ இருந்திருக்கிறது, அது பாட்டுக்குக் கிடந்திருக்கும், அதன் மேல் மின்சாரம் நடந்துபோக வெள்ளிப் பாதை போட்டுக் கொடுத்தது அவள். "நாந்தாண்டா. அலங்காரம் பண்ணுனேன் பாரு, மகாராணி. யாருகிட்டயும் சொல்லித் தொலைக்காத." இவனாக இருந்தால் இந்த இடத்தில் பழியைப் போட நாலு பேர் குரலைத் தேடியிருப்பான். அவள் தன் தப்பைக் கையில் பிடித்துப் பார்த்துச் சிரிக்கிறாள், உடனே ஜிகினாவை ஒட்டுக்க உரித்துப் போடுகிறாள், கைப்பிடியில் இருந்ததையும் சேர்த்து. பிறகு தங்கராசு அண்ணன் வண்டிப் பக்கம் திரும்பி, "அண்ணே, கொஞ்சம் கடன் குடுங்க" என்று அதனிடம் கேட்டுவிட்டு, பிளக்குக்கு மின்சாரம் அனுப்புகிற அதன் காயிலை ஒயரோடு கழற்றினாள். விழுந்த வண்டியின் உறுப்பு ஏறப்போகும் வண்டிக்கு. சந்தியாகு அதை நினைக்கக்கூடாது என்று நினைத்தான். நினைத்தான். அவள் அதற்குள் மாட்டி முடித்துவிட்டாள்.

ஆறு மணி. விளிம்பு முழுக்கத் தலைகள், பஞ்சுமிட்டாய், தோளில் குழந்தைகள். சாய்வில் பலதரம் ஓட்டிப் பார்த்தாயிற்று, விக்கல் இல்லை, ஒலிபெருக்கியில் பொரியல் இல்லை, பாய் மட்டும் பழக்க தோஷத்தில் ஆம்ப்ளிஃபயரை ஒரு தட்டு தட்டிவிட்டு, "பாத்தியா, லூஸ் கனெக்சன் சரியாப்போச்சு" என்றார். ஆனால் சாய்வு வேறு, சுவர் வேறு. வேறு வேறு. லூர்து அலங்காரம் இல்லாத மொட்டை வண்டியில் மண்ணில் சுற்ற ஆரம்பித்தாள். இவன் பேச வேண்டும். பேசினான், ஏலக்காரர் வந்தார், கண்டக்டர் வந்தார், உள்ளே ஏறு உள்ளே ஏறு என்றார், கூட்டம் சிரித்தது. அவள் சாய்வுக்கு ஏறினாள். இதோ அந்த இடம். கைமணிக்கட்டு மடங்குவது இங்கிருந்தே தெரிந்தது. பாரு, என்று வாய் ஆரம்பித்தது, அவன் பல்லைக் கடித்து அதை அங்கேயே நிறுத்தினான். ஒலிபெருக்கியில் காதை வைத்த மாதிரி நின்றான். டர்ர்ர்ர்ர்ர்ர்ர். பலகைகள் அதிர்ந்தன, கேலரி ஆடியது, சுவர் அவளை எடுத்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் ஒரு கீறல் இல்லை. பட்டுத் துணியை ஒரே இழுப்பில் கிழிப்பது போல, நிறுத்தாமல், மூச்சு விடாமல், படுத்தபடி ஏறி ஏறி வந்தாள், அவன் அக்கா, பிளக்கிடம் பேசுகிறவள், தன் தப்பைப் பார்த்துச் சிரிக்கிறவள். இவள் சார்பில் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு இவன் என்ன பாடு பட்டான்! இப்படி ஒருத்தி பேரில் ஏழேழு ஊருக்கும் வாக்குக் கொடுக்கலாமே! விளிம்புக்கு ஒரு கை தூரத்தில் அவனைக் கடந்தாள். அடுத்த சுற்றில் ஒரு கையை எடுத்தாள், கூட்டம் ஓவென்றது. மூன்றாவது சுற்றில் அவனுக்கு நேராக வரும்போது, எடுத்த கையைத் தொண்டையில் வைத்து, முழியைப் பிதுக்கி, கழுத்தை உள்ளே இழுத்து, தோளைத் தூக்கிப் போட்டு ஒரு விக்கல் விக்கிக் காட்டிவிட்டுப் போனாள். அது வண்டியின் விக்கல் இல்லை. வண்டியைப் பேசும்போது இவன் முகம் போகிற போக்கு, அச்சு அசல் இவனேதான், அந்தப் பிதுங்கிய முழி, அந்தத் தவளைக் கழுத்து. ஊரையே பேசிக்காட்டியவனை இதுவரை யாரும் பேசிக்காட்டியதில்லை. அவன் சிரிக்க வாயைத் திறந்தான், பயம் முழுக்க ஒரேயடியாக மேலே வந்து தொண்டையில் இடித்தது. ஹிக். மைக் திறந்திருந்தது. மைதானம் முழுக்க, ராட்டினம் வரைக்கும், அப்பளக் கடை வரைக்கும், ஹிக். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "பயபுள்ள எப்படிப் பண்றான் பாரு, நெசமாவே விக்கல் வந்த மாதிரி" என்று யாரோ பக்கத்தில் சொன்னார்கள். ஹிக். நிறுத்த முடியவில்லை. லூர்து பத்திரமாக மண்ணுக்கு இறங்கி, வண்டியை அமர்த்தி, கைதட்டலுக்கு நடுவே அண்ணாந்து பார்த்து, "டேய் சந்தி, தண்ணியைக் குடிடா!" என்று கத்தினாள். இவன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "ஒண்ணும் ஆகா, ஹிக், ஒண்ணும் ஆகாதுக்கா" என்றான்.